புதுக் கணினி வாங்கும் முன் பழையதை ஒருமுறை திறந்து பாருங்கள்

கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் கணினி கேட்டு எழுதப்பட்டவையும் இருக்கின்றன. "வீட்டில் உள்ள கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. பையன் காலேஜ் சேர்ந்துவிட்டான். புதிதாக ஒன்று வாங்க ஏதாவது உதவ முடியுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இன்னும் சில குடும்பங்கள் கேட்பதே இல்லை. நகையை அடகு வைத்தோ, தவணையில் வட்டி கட்டியோ புதிதாக வாங்கிவிடுகிறார்கள். நமக்கு அது தெரிய வருவது பிறகுதான்.

இரு தரப்பாரிடமும் நாம் கேட்க விரும்புவது ஒன்றுதான். அந்தப் பழைய கணினிக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் பதில் வராது. "ஐ-3 என்று கடைக்காரர் சொன்னார்" என்பதோடு நின்றுவிடும்.

பாடம் படிக்கவும், இணைய வகுப்பில் உட்காரவும், விண்ணப்பங்களை நிரப்பவும், வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதவும் பெரிய கணினி தேவையில்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஏதாவதொரு அலுவலகத்துக்காக வாங்கப்பட்ட சாதாரண மேசைக்கணினியே இவற்றுக்குப் போதும். அது மெதுவாக ஓடுகிறது என்றால், பத்தில் பெரும்பாலான நேரங்களில் குற்றவாளி ஒரே ஒரு பாகம். அந்தப் பாகத்தை மாற்றும் செலவு, புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் கடையில் யாரும் அதை முதலில் சொல்வதில்லை.

எந்தப் பாகம் மெதுவாக இருக்கிறது?

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். சமையல்காரர்தான் புராசஸர். அவர் கைக்கு எட்டும் மேடைதான் ராம். அரிசியும் மசாலாவும் அடுக்கி வைத்திருக்கும் அறைதான் ஹார்ட் டிஸ்க். சமையல்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், மேடை சிறியதாகி, பொருள் வைக்கும் அறை தெருக்கோடியில் இருந்தால் சாப்பாடு மாலையில்தான் வரும். அப்போது சமையல்காரரை மாற்றிப் பயனில்லை. பழைய கணினிகளில் நடப்பது இதேதான்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு வட்டத் தகடு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 120 சுற்று. கேட்கும்போது வேகமாகத்தான் தெரியும். ஆனால் தேவையான தகவல் தகட்டின் எந்த மூலையில் இருக்கிறதோ, அந்த இடம் படிக்கும் ஊசியின் கீழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லிவிநாடி. அதற்கு முன் ஊசியைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லிவிநாடி ஆகும். இரண்டையும் கூட்டினால், அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு தகவல் துண்டுகளை அந்தத் தகட்டால் ஒரு விநாடிக்கு நூறுகூட எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் துவங்கும்போது கேட்பதோ இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளை. அதனால்தான் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட்டு வந்த பிறகும் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எஸ்எஸ்டி என்பது சுற்றும் தகடே இல்லாத சேமிப்பகம். செல்போனுக்குள் இருப்பது போன்ற மின்னணுச் சில்லுகள்தான் உள்ளே. சந்தையில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டிகூட அதே சிறு துண்டுகளை விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் எடுத்துத் தரும். மூன்று நான்கு நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்துக்குள் தயாராக நிற்பதன் காரணம் இதுதான்.

விளம்பரங்களில் எஸ்எஸ்டியின் வேகம் என்று '550 எம்பி' போன்ற எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள். அது ஒரு பெரிய சினிமாக் கோப்பை நேராக நகல் எடுக்கும் வேகம். நம் வீட்டு வேலைக்கு அந்த எண் முக்கியமில்லை. அதே காரணத்தால், பழைய கணினிக்கு விலை கூடிய என்விஎம்இ வகைதான் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் தயங்காமல் மறுக்கலாம். சாட்டா வகை எஸ்எஸ்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இணைய வகுப்பிலோ தட்டச்சிலோ கண்ணுக்குத் தெரியாது. பழைய தகட்டிலிருந்து எதற்கு மாறினாலும் தெரியும்.

உங்கள் வீட்டுக் கணினியில் எது இருக்கிறது என்று அறிய கடைக்குப் போக வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் 'மோர் டீடெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள். அதில் 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்தில் டிஸ்க் என்ற வரியின் கீழ் எஸ்எஸ்டியா, ஹெச்டிடியா என்று எழுதியிருக்கும். கணினி தவிக்கும் நேரத்தில் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். சிபியு 10 அல்லது 15 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால், சமையல்காரர் கைகட்டி நிற்கிறார், பொருள்தான் வரவில்லை என்று பொருள்.

எஸ்எஸ்டி மாற்ற முடிவு செய்தால், முதலில் புகைப்படங்கள், சான்றிதழ் நகல்கள், பிள்ளைகளின் பாடக் கோப்புகள் ஆகியவற்றை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பிறகு எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, பழைய டிஸ்க்கை வெறும் சேமிப்பு அறையாகக் கணினிக்குள்ளேயே விட்டுவைக்கலாம். அலுவலகக் கணினியாக விண்டோஸ் 10 உரிமத்தோடு வந்த பெட்டி என்றால், அதே பதிப்பைத் திரும்பப் போடும்போது இணையத்தில் இணைந்ததும் உரிமம் தானாகவே ஏற்கப்படும். அதற்குத் தனிப் பணம் கேட்டால் காரணம் கேளுங்கள்.

256 ஜிபி அளவு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

ராம் எவ்வளவு வேண்டும்?

4 ஜிபி ராம் இருக்கும் கணினியில் விண்டோஸும், குரோமில் ஐந்தாறு பக்கங்களும், கூடவே ஒரு வீடியோ வகுப்பும் திறந்தால் மேடை நிரம்பிவிடும். மிஞ்சியதைக் கணினி டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும், திரும்ப எடுத்து வரும். பழைய தகட்டு டிஸ்க்கில் இந்தப் போக்குவரத்துதான் எல்லாவற்றையும் உறைய வைக்கிறது. 8 ஜிபி இருந்தால் படிக்கும் பிள்ளைக்குப் போதும். 16 ஜிபி வசதி, கட்டாயம் இல்லை. டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் 'மெமரி' வரியை வகுப்பு நடக்கும்போது பாருங்கள். 70 சதவீதத்துக்குள் இருந்தால் ராமுக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் கட்டப்படும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், வீட்டுக் கணினிக்கு வருவது குறைந்துவிட்டது. ஆகவே புது ராமுக்குப் பதில் பயன்படுத்திய ராமை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். எங்கள் கருத்து, வாங்கலாம். ராமில் தேயும் பாகம் எதுவும் இல்லை. மாட்டிப் பார்த்து, விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓடவிட்டு, திருப்பிக் கொடுக்கும் உறுதியோடு வாங்குங்கள். ஆனால் பயன்படுத்திய டிஸ்க்கையோ எஸ்எஸ்டியையோ வாங்காதீர்கள். அவற்றின் ஆயுள் பயன்படுத்தப் பயன்படுத்தக் குறைவது. முந்தைய வீட்டில் எவ்வளவு குறைந்தது என்பது உங்கள் பிள்ளையின் புராஜெக்ட் காணாமல் போகும் நாளில்தான் தெரியும்.

டிடிஆர்3, டிடிஆர்4 என்ற வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. பழைய ராமைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. இரண்டு துளைகள் இருந்தால் ஒரு 8 ஜிபியை விட இரண்டு 4 ஜிபி கொஞ்சம் வேகம் தரும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

"பாய், இது ஐ-7 பாய்!"

பழைய கணினியைச் சரிசெய்ய முடியாத நிலை வந்து, வேறு வாங்கியே ஆக வேண்டுமானால் நம் ஊர்க்காரர்களுக்கு வேறு போக்கிடம் தேவையில்லை. வாலாஜா சாலை வழியே நடந்து அண்ணா சாலையைக் கடந்தால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்து நாட்டின் பெரிய மின்னணுச் சந்தைகளில் ஒன்றாகப் பேர் பெற்ற இடம். நேர்மையான வியாபாரிகளும் பழுது பார்ப்பதில் தேர்ந்த கைகளும் அங்கே ஏராளம். ஆனால் விவரம் தெரியாமல் போகிறவருக்கு எந்தச் சந்தையும் ஒன்றுதான்.

"ஐ-7 பாய், இதுக்கு மேல என்ன வேணும்?" என்ற சொல்லுக்குத்தான் அதிகம் பேர் மயங்குகிறார்கள். ஐ-3, ஐ-5, ஐ-7 என்பது ஒரே ஆண்டில் வந்தவற்றுக்குள் உள்ள வரிசை. வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிட அது உதவாது. பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ-5 2400 என்றால் முதல் இலக்கமான 2 அதன் தலைமுறை, இரண்டாம் தலைமுறை. ஐ-5 8500 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள். ஐ-3 10100 பத்தாம் தலைமுறை.

ஐ-7 2600 வந்தது 2011 தொடக்கத்தில். ஐ-3 10100 வந்தது 2020இல். இரண்டிலும் நான்கு கோர், எட்டு இழை. ஆனால் பின்னால் வந்த 'சின்ன' ஐ-3 வேகத்தில் முந்துகிறது. அதன் வெப்ப அளவு 65 வாட், பழைய ஐ-7க்கு 95 வாட். ஐ-7 என்ற ஸ்டிக்கருக்காக யாராவது கூடுதல் பணம் கேட்டால், "எந்தத் தலைமுறை?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சின் தொனி மாறுவதைக் காண்பீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'புத்தம்புதிய ஐ-5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி' என்று நம்ப முடியாத குறைந்த விலைக்கு அசெம்பிள் செய்த கணினிகள் விற்கப்படுகின்றன. பெட்டி புதியது, மதர்போர்டும் புதிதாகச் செய்யப்பட்டதே. ஆனால் அது ஹெச்61 போன்ற பழைய வடிவமைப்பு. மேலே மாட்டியிருப்பது வேறொரு கணினியிலிருந்து கழற்றிய இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை ஐ-5. இது ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டோம், சிறு வேலைகளுக்கு ஓடவும் செய்யும். ஆனால் புதியது என்ற எண்ணத்தில் பதினான்கு பதினைந்து வயதான புராசஸருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். அதோடு, அடுத்து நாம் சொல்லப்போகும் விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது.

அதே பணத்துக்கு எங்கள் பரிந்துரை, பெரிய நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்த அலுவலகக் கணினி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, ஹெச்பி ப்ரோடெஸ்க் 400 ஜி5, லெனோவோ திங்க்சென்டர் எம்720 ஆகியவை எட்டாம் தலைமுறையில் வந்தவை. அலுவலகத்தில் நாள் முழுதும் ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை என்பதால் உறுதியானவை. குறையும் உண்டு. இவற்றின் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம், பழுதானால் பொதுவான பாகம் பொருந்தாது. சிறிய பெட்டிகளில் பெரிய கிராஃபிக்ஸ் அட்டை நுழையாது. சிலவற்றில் ஹெச்டிஎம்ஐ துளைக்குப் பதில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே இருக்கும். உங்கள் மானிட்டரின் கேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையெனில் வீடு வந்தபின் ஒரு அடாப்டருக்காக மீண்டும் நடக்க வேண்டும்.

கடையிலேயே கணினியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தலைமுறை எண், ராம் அளவு, டிஸ்க் வகை மூன்றையும் டாஸ்க் மேனேஜரில் உங்கள் கண்ணால் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலியை ஓட்டினால், டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, அதன் உடல்நிலை என்ன என்பதும் தெரியும். புதிது என்று சொன்ன எஸ்எஸ்டி ஏழாயிரம் மணி நேரம் ஓடியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பதினைந்து நிமிடம் ஒரு வீடியோவை ஓடவிட்டு மின்விசிறிச் சத்தத்தையும் கேளுங்கள். எல்லா யுஎஸ்பி துளைகளிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். கடையின் முத்திரையுடன் பில் வாங்குங்கள், வாரண்டி எத்தனை மாதம் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வந்த ஒரு சகோதரர், இருபதாம் நாளில் பழுதான கணினியைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை அலைந்தார். பில் இருந்திருந்தால் ஒருமுறையோடு முடிந்திருக்கும்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, கணினியும் முடிந்ததா?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்று எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மருந்து வருவது நின்றது. அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைகளைப் பெறும் நீட்டிப்புத் திட்டத்தையும் அந்நிறுவனம் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்கினால் கட்டணமில்லாமலே சேரலாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

விண்டோஸ் 11க்கு மாற எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் புராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி இதைச் சோதித்துச் சொல்லும். எட்டாம் தலைமுறைக் கணினியிலும் 'தகுதியில்லை' என்று வந்தால் பதறாதீர்கள். பல பெட்டிகளில் டிபிஎம் உள்ளேயே இருக்கும், பயாஸ் அமைப்பில் அணைத்து வைத்திருப்பார்கள். அதை இயக்கினால் போதும். இந்த ஒரு சுவிட்சுக்காகக் கணினியையே மாற்றச் சொன்ன ஆலோசனையை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

ஏழாம் தலைமுறைக்கு முந்தைய கணினி என்றால் லினக்ஸ் ஒரு நல்ல வழி. அது இலவசம், எந்தக் கள்ளச் சாவியும் தேவையில்லை. நம் மக்களுக்கு இது புதிதும் அல்ல. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது, விண்டோஸோடு போஸ் லினக்ஸும் அவற்றில் போடப்பட்டது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது அது. இன்றும் பல வீடுகளின் பரணில் அந்த மடிக்கணினிகள் தூங்குகின்றன. இப்போது வீட்டுக்கு நாங்கள் சொல்வது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதற்கு 4 ஜிபி ராம் போதும், தோற்றமும் பழைய விண்டோஸைப் போலவே இருக்கும், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். இணையம், வீடியோ வகுப்பு, லிப்ரே ஆஃபிஸில் தட்டச்சு எல்லாம் நடக்கும். டேலி அதில் ஓடாது. சில தேர்வுச் செயலிகளும் விண்டோஸைத்தான் கேட்கின்றன. பிள்ளையின் கல்லூரியில் கேட்டுவிட்டு மாறுங்கள்.

'கிராக்' என்ற பெயரில் இலவசமாக விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். அது பிறர் பொருள் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அந்த உடைப்புச் செயலிகளோடுதான் கடவுச்சொல் திருடும் நிரல்களும் வீட்டுக்குள் வருகின்றன. அவை ஓடவே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள் என்பதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். அதற்கு மேல் இரண்டாவது ஆன்டிவைரஸ் தேவையில்லை.

நம் வீடும் நம் காற்றும்

மெரினாவிலிருந்து நம் தெருக்களுக்கு வரும் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. பெட்டிக்குள் சேரும் தூசி அந்த ஈரத்தில் பிசுபிசுத்து, புராசஸரின் மேலுள்ள வெப்பம் கடத்தும் தகடுகளை அடைத்துவிடும். சூடு எல்லை தாண்டினால் புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். காலையில் நன்றாக ஓடி, மே மாத மதியத்தில் மட்டும் முடங்கும் கணினி என்றால் முதலில் இதைச் சந்தேகிக்கவும். ஆண்டுக்கு இருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அப்போது மின்விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புராசஸருக்கு மேல் தடவும் வெப்பப் பசை ஐந்தாறு ஆண்டில் காய்ந்துவிடும். தெரிந்தவரைக் கொண்டு புதிதாகத் தடவச் சொல்லலாம், செலவு அதிகமில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டியும், துணி போட்டு மூடியும் ஓட்ட வேண்டாம்.

பழைய வீடுகளில் பெட்டியைத் தொட்டால் 'சுருக்'கென்று லேசாக மின்சாரம் அடிப்பதாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது கணினியின் பழுதல்ல, பிளக் துளையில் எர்த் இல்லாததுதான். பிள்ளைகள் தொடும் பொருள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து இரண்டு துளையில் செருகும் பழக்கத்தை விட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடுங்கள். முடிந்தால் சிறிய யுபிஎஸ் ஒன்றும் வேண்டும். மின்சாரம் சட்டென்று போகும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமல்ல, விண்டோஸே கெட்டுப்போவது உண்டு.

கணினி மெதுவாக இருக்கிறது என்று நினைப்பது சில வீடுகளில் இணையம் மெதுவாக இருப்பதுதான். நெருக்கமான தெருக்களில் வீட்டுக்கு வீடு, மேன்ஷனுக்கு மேன்ஷன் வைஃபை ரூட்டர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான், எல்லோரும் அதற்குள்ளேயே நெரிகிறோம். மேசைக்கணினி நகராத பொருள். ரூட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்துச் செருகிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

கடிகாரம் தினமும் பழைய தேதிக்குப் போய், இணையப் பக்கங்கள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுத்தால், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். இதை அறியாமல் கணினியே கெட்டுவிட்டது என்று எண்ணுபவர்கள் உண்டு.

மின்கட்டணத்துக்காக அஞ்ச வேண்டாம். மானிட்டரோடு சேர்த்து 60 வாட் எடுக்கும் அலுவலகக் கணினியை நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால், இரண்டு மாதக் கணக்கில் 18 யூனிட்தான்.

பழையதை எடைக்குப் போடும் முன்

வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள், ஆதார், பாஸ்போர்ட் நகல்கள், வங்கி விவரங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. 'டெலீட்' செய்தாலும், வேகமான 'ஃபார்மட்' செய்தாலும் அவை உண்மையில் அழிவதில்லை. பட்டியலிலிருந்து பெயர் மட்டும் போகும், இலவசச் செயலிகளைக் கொண்டே அவற்றை மீட்டுவிடலாம். விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்து, 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்து, உள்ளே 'கிளீன் டேட்டா' என்ற வசதியையும் இயக்குங்கள். சில மணி நேரம் பிடிக்கும். கணினி ஓடவே இல்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மீதிப் பெட்டியைக் கொடுங்கள். எடைக்குப் போடுவதை விட, அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது நல்லது. பலகைகளில் ஈயம் இருக்கிறது. கைவண்டிக்காரர் தாமிரத்துக்காக வயர்களை எரிக்கும் புகையும் நம் தெருவில்தான் அடங்கும்.

ஓடும் நிலையில் உள்ள கணினியாக இருந்து, உங்களுக்கு வேண்டாம் என்றால், டிஸ்க்கைச் சுத்தம் செய்த பிறகு நம் அலுவலகத்தில் கொடுங்கள். எஸ்எஸ்டி மாட்டி, தேவையுள்ள மாணவரிடம் இன்ஷா அல்லாஹ் சேர்ப்போம்.

கணினி உதவிக்கு மனு எழுதுவோரும் ஒன்று செய்யுங்கள். வீட்டில் கணினி இருந்தால், டாஸ்க் மேனேஜரில் சிபியு, மெமரி, டிஸ்க் ஆகிய மூன்று பக்கங்களையும் செல்போனில் படமெடுத்து மனுவோடு இணையுங்கள். பிள்ளை என்ன படிக்கிறார், கல்லூரியில் எந்தச் செயலிகளைக் கேட்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். எஸ்எஸ்டி போதுமா, ராமும் வேண்டுமா, கணினியே மாற்ற வேண்டுமா என்பதை அதிலிருந்தே சொல்லிவிட முடியும்.